ஓலைக்குத் தடை சொன்ன ஞாயிறு

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை செய்தித்தாளைப் பிரிக்க மாட்டோம். திங்கட்கிழமை காலையில்தான் இரண்டு நாள் தாளையும் சேர்த்துப் படிப்பேன். பேருந்தில் ஏற மாட்டேன். மறுநாள் தேர்வு இருந்தாலும் பிள்ளைகள் பாடப்புத்தகத்தைத் தொடக்கூடாது. தீப்பெட்டி தீர்ந்துபோனால் அடுத்த வீட்டில் நெருப்பு வாங்கலாம், கடைக்குப் போகக்கூடாது. குழம்பு சனிக்கிழமையே வைத்தாக வேண்டும். ஆனால் ஞாயிறு மாலை எனக்குச் சூடாகக் காபி வந்துவிட வேண்டும். அதைப் போடுகிறவளுக்கு அது எந்தக் கிழமை என்று நான் யோசித்ததே இல்லை.

எண்பதுகளில் நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியர். குடியிருந்தது ராஜபாளையத்தில். தினமும் பேருந்தில் போய் வருவேன். எங்கள் கிறிஸ்தவ சபையில் கமிட்டிச் செயலாளரும் நானே, திருவிருந்தில் முதன்முறை சேருமுன் பெறும் திடப்படுத்தலுக்குப் பிள்ளைகளை ஆயத்தப்படுத்தும் வகுப்பை நடத்துகிறவனும் நானே. பத்துக் கட்டளைகளைப் பிசகாமல் சொல்லாத பிள்ளையை நான் பேராயரின் முன் நிறுத்தியதில்லை. கட்டளைகள் அடங்கிய நியாயப்பிரமாணம் ஒரு கண்ணாடி, முகத்தில் இருக்கும் அழுக்கைக் காட்டும், கழுவாது, கழுவுவது கிருபை என்று அந்த வகுப்பில் வருடந்தோறும் சொல்வேன். நன்றாகச் சொல்வேன் என்று பெயரும் இருந்தது. அந்தக் கண்ணாடியை எப்போதும் எதிரில் இருப்பவர் பக்கமே திருப்பிப் பிடித்திருந்தேன். அது எனக்கு அறுபது வயதைத் தாண்டிப் புரிந்தது என்று சொன்னால் அழகாக இருக்கும். உண்மையில் நாற்பதிலேயே புரிந்துவிட்டது. புரிய வைத்த குடும்பத்துக்கு நன்றி சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் சபையில் நூற்பு மில் ஒன்றில் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர் இருந்தார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். ரிங் பிரேம் பகுதியில் சைடர், அதாவது நூலைச் சுற்றிக்கொண்டு ஓடும் கதிர்களுக்கு நடுவே நடந்துகொண்டே அறுந்த நூலை ஒட்டுகிறவர். அந்தக் காலத்தில் மின்வெட்டு கடுமை. எல்லா மில்லும் ஒரே நாளில் ஓடினால் தாங்காது என்று மில்லுக்கு ஒரு கிழமையாக விடுமுறை விட்டார்கள். அவருடைய மில்லுக்குப் புதன்கிழமை வாய்த்தது. ஆகவே ஞாயிறும் அவருக்கு வேலை நாள். இரவு ஷிப்ட் நடக்கும் வாரங்களில் காலையில் மில்லை விட்டு நேரே ஆலயத்துக்கு வருவார். தலையிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியிருக்கும். கடைசி வரிசையில் உட்காருவார். காலை ஷிப்ட் வாரத்தில் வர முடியாது. மனைவியும் மகளும் மட்டும் வருவார்கள்.

எனக்கு அது உறுத்தியது. ஓய்வுநாளில் வேலை செய்யாதே என்ற நான்காம் கட்டளையை இத்தனை கண்டிப்பாகக் கைக்கொள்ளும் நான் ஒரு பக்கம், ஞாயிற்றுக்கிழமை கூலிக்கு வேலை பார்த்துவிட்டு வந்து திருவிருந்தில் முழங்காலிடும் அவர் ஒரு பக்கம். இரண்டு பேருக்கும் ஒரே அப்பம். இதை நான் வெளியே சொன்னதில்லை. ஆனால் மனதுக்குள் பலமுறை சொல்லியிருக்கிறேன். என் மனைவி அரசு மருத்துவமனையில் நர்ஸ். அவளுக்கும் ஞாயிறு டியூட்டி உண்டு. அது இரக்கத்தின் வேலை, கட்டளைக்கு அடங்காது என்று அவளுக்கு நானே விளக்கம் சொல்லியிருந்தேன்.

அந்த அண்ணனின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. என் வகுப்பில் படித்துத் திடப்பட்ட பெண். மாப்பிள்ளை வ. புதுப்பட்டிக்காரர், ஆலங்குளம் சிமெண்ட் ஆலையில் வேலை. எங்கள் வழக்கப்படி கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஆலயத்தில் ஓலை வாசிக்க வேண்டும். போதகரை நாங்கள் ஐயர் என்போம். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் நிச்சயித்திருக்கிறது, இதற்குத் தடை அறிந்தவர்கள் சொல்லலாம் என்று ஐயர் வாசிப்பார். யாரும் சொல்ல மாட்டார்கள். அந்த ஒரு நொடி அமைதியில் எல்லோரும் பெண்ணின் தாயைப் பார்த்துச் சிரிப்பார்கள். அவ்வளவுதான். தடை என்று ஒன்று வந்தால், பெண்ணோ பையனோ ஏற்கெனவே கல்யாணம் ஆனவர், அல்லது வேறு ஏதோ இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

முதல் ஓலை வாசித்த அன்று நான் எழுந்து நின்றேன்.

எங்கள் சபையில் பழைய ஒழுங்கு ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தொழில் நடத்துகிறவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு ஓலை வாசிப்பதில்லை என்று எப்போதோ தீர்மானித்திருந்தார்கள். ஆராதனை நேரத்தில் கடை திறந்து வைத்திருந்த வியாபாரிகளை மனதில் வைத்துச் செய்தது. பல வருடங்களாக யாரும் அதை எடுத்துப் பேசியதில்லை. நான் பேசினேன். ஒழுங்கு ஒழுங்காக இருக்க வேண்டும், கட்டளை ஆளுக்கு ஆள் மாறாது என்று சொன்னேன். வகுப்பெடுக்கும் குரலில் சொன்னேன். எழுந்து நிற்பது எனக்குப் பிடித்திருந்தது. இதை மறைத்தால் மற்றதை எழுதிப் பயனில்லை.

பெண்கள் பக்கத்தில் அந்தப் பெண் சேலைத் தலைப்பை இழுத்து முக்காட்டை இறக்கிவிட்டுக்கொண்டதைப் பார்த்தேன். அவள் தகப்பன் அங்கே இல்லை. அது அவருக்குக் காலை ஷிப்ட் வாரம். ஓலை கேட்க வந்திருந்த மாப்பிள்ளையின் பெரியப்பா ஆராதனை முடிந்ததும் பெண் வீட்டில் சாப்பிடாமல் பஸ் ஏறிவிட்டார். ஐயர் வயதில் இளையவர், எங்கள் ஊருக்கு மாற்றலாகி வந்து அதிக நாள் ஆகவில்லை. கமிட்டி கூடிப் பேசும்வரை அடுத்த ஓலையை நிறுத்தி வைப்போம் என்றார். கமிட்டியைக் கூட்ட வேண்டியவன் நான். கூட்டவில்லை.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி டியூட்டிக்குக் கிளம்பினாள். தொப்பியைப் பைக்குள் வைத்துக்கொண்டே, “அந்த மனுசன் அங்க மில்லுல நிக்கையில நீங்க இங்க எந்திரிச்சு நின்னீகளாக்கும்” என்றாள்.

ஒழுங்கு என்று ஒன்று இருக்கிறதே என்றேன்.

“இருக்கட்டும். நான் இப்பப் போறது ஆசுபத்திரிக்கு. அங்க புண்ணுக்குக் கெட்டுத பஞ்சும் துணியும் வானத்துலருந்தா விழுது? நான் கெட்டுனா இரக்கம், அவரு நூத்தாப் பாவமா?”

அதற்கும் என்னிடம் பதில் இருந்தது. அவள் காத்திருக்கவில்லை. வாசலில் நின்று, “காபிப் பொடி மேல் தட்டுல இருக்கு” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த வாரம் முழுக்க நான் எனக்குள் வாதாடிக்கொண்டிருந்தேன். படித்தவனுக்கு இது ஒரு தொல்லை. எந்தப் பக்கத்துக்கும் வசனம் கிடைக்கும். ஆனால் ஊர் வாதாடவில்லை. அதற்கு வேறு வேலை. மில் அண்ணன் வீட்டுக்கு அடுத்த வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பம். அந்த வீட்டம்மா எங்கள் மருத்துவமனைக்கு ஊசி போட வந்தபோது, உங்கள் கோயிலில் அந்தப் பெண்ணுக்கு முன்னாலேயே தாலி கட்டியிருக்கிறதாமே என்று என் மனைவியிடம் கேட்டிருக்கிறார். என் மனைவி அதை என்னிடம் சொன்னபோது குரலை உயர்த்தவே இல்லை. நான் ஓய்வுநாளைப் பற்றிப் பேசினேன். ஊர் அந்தப் பெண்ணின் மானத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறது. ஓலைக்குத் தடை என்றால் எங்களில் அதற்கு வேறு அர்த்தம் கிடையாது என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? தெரிந்தும் நின்றேன்.

அந்தப் புதன்கிழமை அண்ணனும் அவர் மனைவியும் வ. புதுப்பட்டிக்குப் போய்ப் பேசிப் பார்த்திருக்கிறார்கள். மரியாதையாக உட்கார வைத்து, ஓலை மூன்றும் வாசித்து முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார்கள். அடுத்த ஞாயிறு இரண்டாம் ஓலை வாசிக்கப்படவில்லை. அன்று அவர் இரவு ஷிப்ட் முடிந்து வந்திருந்தார். வாசலில் எதிர்ப்பட்டபோது வழக்கம்போல “ஸ்தோத்திரம் சார்” என்றார். நானும் ஸ்தோத்திரம் சொன்னேன்.

அதற்கடுத்த புதன்கிழமை மாலை பள்ளி விட்டு வெளியே வருகிறேன், எதிர்த்த டீக்கடை பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்தார். காலையில் ஷிப்ட் முடிந்தவர் வீட்டில் படுக்கவில்லை என்பது கண்ணில் தெரிந்தது. எனக்கும் ஒரு டீ சொன்னார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து மனதுக்குள் வசனங்களை அடுக்கிக்கொண்டேன்.

“சார், இப்ப புதுப்பட்டிக்கு ஒரு எட்டு போயிட்டு வருவமா” என்றார்.

நான் எதற்கு என்று கேட்டேன்.

“நாங்க போயிச் சொன்னா, மகளுக்குத் தகப்பன் பூசி மொழுகுதான்னு நெனைப்பாக. தடை சொன்ன வாயிதான் சொல்லணும். அப்பத்தான் எடுபடும்.”

நான் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒழுங்கைப் பற்றி ஏதோ ஆரம்பித்தேன். அவர் கையை அசைத்தார்.

“எனக்கு உங்க மேல வருத்தம் இருக்கு சார். இல்லேன்னு சொன்னா அது பொய்யி, அதுவும் பத்துல ஒண்ணு. அந்த வருத்தம் ஒரு பக்கம் கெடக்கட்டும். இப்பம் புள்ளைக்குக் காரியம் நடக்கணும். வாரீகளா?”

அவர் என்னைத் திட்டியிருந்தால் நான் போயிருக்க மாட்டேன். மன்னித்துவிட்டேன் என்று சொல்லியிருந்தாலும் பெருந்தன்மையாகத் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்திருப்பேன். அவர் கேட்டது என் வாயை. அதுதான் எனக்கு மிச்சமிருந்த உபயோகம். எழுந்து அவரோடு நடந்தேன்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவர் கிருஷ்ணன்கோவில் வருவதற்குள் தூங்கிவிட்டார். தலை என் தோளில் சாய்ந்தது. வாரத்தில் அவருக்கு இருந்த ஓய்வு அந்த ஒரு நாள். அதை, நான் செய்த கோளாறைச் சரிசெய்யச் செலவழித்துக்கொண்டிருக்கிறார். போன புதனையும் அப்படித்தான் செலவழித்திருக்கிறார். ஓய்வுநாளைக் கெடுத்தவன் யார் என்று அந்தப் பஸ்ஸில் எனக்கு விளங்கிவிட்டது. இதற்கு வியாக்கியானம் தேவைப்படவில்லை.

நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த கட்டளைகளுக்கு முன்னால் ஒரு வாக்கியம் உண்டு. உன்னை அடிமைத்தனத்திலிருந்து வெளியே கொண்டுவந்தவர் நான் என்று கடவுள் சொல்கிற வாக்கியம். அதை நான் முன்னுரை மாதிரி வேகமாகத் தாண்டிவிடுவேன். விடுதலை முதலில் வந்தது, கட்டளை அதற்குப் பின்னால் வந்தது. எகிப்தில் அடிமைகளாகச் செங்கல் அறுத்துக்கொண்டிருந்த ஜனத்துக்கு, வேலைக்காரனும் மாடும்கூட இளைப்பாறட்டும் என்று கொடுத்த நாள் அது. அதை எடுத்து, விடுமுறைக் கிழமையைத் தானே தேர்ந்துகொள்ள முடியாத ஒரு தொழிலாளியின் தலையில் நான் வைத்தேன். கட்டளையில் குறையில்லை. இன்றைக்கும் அதில் ஓர் எழுத்தைக்கூட நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். கிருபையில் பிறந்த ஒன்றைக் கிருபை இல்லாதவன் கையில் எடுத்தால் அது அடிக்கிற கம்பாகிவிடுகிறது.

புதுப்பட்டியில் மாப்பிள்ளை வீட்டில் எங்களை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். மாப்பிள்ளைக்குத் தகப்பன் இல்லை, பெரியப்பாதான் எல்லாம். என்னைப் பார்த்ததும் அவர் முகம் இறுகியது. நான் சபை ஒழுங்கு எப்படி வந்தது, அதன் நோக்கம் என்ன என்று ஆதியிலிருந்து ஆரம்பித்தேன். கொஞ்ச நேரம் கேட்டார்.

“சார், பிரசங்கத்த ஞாயித்துக்கெழம கேட்டுக்கிடுதேன். பொண்ணு வீட்டுல குறை உண்டா, இல்லையா?”

“அங்கே இல்லை” என்றேன். “குறை எங்கிட்ட.”

இந்த இரண்டு வார்த்தையைச் சொல்ல எனக்கு அத்தனை படிப்பும் இடைஞ்சலாக இருந்தது. மில் அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், எனக்காக வெட்கப்படுகிறவர் மாதிரி.

பெரியப்பா என்னையே பார்த்தார். பிறகு, “எங்க பய வேலை பாக்குத எடத்துல சூளைய அணைக்கவே மாட்டாக. ஞாயித்துக்கெழமையும் எரியும். உங்க கணக்குல அவனுக்கும் ஓலை கெடையாதே” என்றார்.

“அதை நான் யோசிக்கவில்லை” என்றேன்.

“யோசிக்காம இருந்ததே நல்லதாப் போச்சு. ரெண்டு தடை சொல்லியிருப்பீக.” உள்ளே பெண்கள் சிரிக்கும் சத்தம் கேட்டது. அவரும் சிரித்துவிட்டார். காபி வந்தது.

திரும்பி வரும்போது, மகளிடமும் நான் பேச வேண்டும் என்று அண்ணனிடம் கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, நாளைக்குச் சாயங்காலம் வாங்க, அவ அம்மாவும் இருப்பா என்றார். அவருடைய வீட்டுக்கு நான் அதற்கு முன் போனதில்லை. செயலாளர் என்ற முறையில்கூடப் போனதில்லை. அந்தப் பெண் கதவோரம் நின்றாள். நான் மன்னிப்புக் கேட்டேன். இந்த முறை சுருக்கமாகக் கேட்டேன்.

அவள் என்னை நேராகப் பார்த்தாள். “நீங்க எந்திரிச்சு நின்னீகள்ல சார், அப்பம் நான் என்ன செஞ்சேன் தெரியுமா? நீங்க சொல்லிக்குடுத்த பத்தையும் மனசுக்குள்ள ஒண்ணொண்ணாச் சொல்லிப் பாத்தேன். எதுல நான் தப்புனேன்னு தேடுனேன். எதுலயும் ஆப்பிடல. பொறவுதான் எனக்குப் பயமே வந்துச்சு. எனக்கே தெரியாம என்னமோ செஞ்சிருக்கேன் போலன்னு.”

என் வகுப்பில் நான் உருவாக்கிய நல்ல மாணவி அவள். அவள் தாய், போதும் ஏட்டி, சாருக்கு மோர் கொண்டு வா என்றார். அவள் போகாமல் நின்றாள்.

“கல்யாணத்துக்கு வந்துருங்க சார். வராம இருந்தீகன்னா திரும்பியும் எல்லாரும் ஏன்னு கேப்பாக.”

அதற்குப் பிறகுதான் மோர் எடுக்கப் போனாள்.

அடுத்த ஞாயிறு ஐயர் இரண்டாம் ஓலையை வாசிக்குமுன் நான் எழுந்து நின்று, முன்பு சொன்னது தடையே அல்ல, அது என் பிழை என்று சபையின் முன் சொன்னேன். பிறகு கமிட்டியையும் கூட்டினேன். பழைய ஒழுங்கை நீக்கிவிட ஒரு பேச்சும் தேவைப்படவில்லை. அதை நினைவில் வைத்திருந்தது நான் ஒருவன்தான்.

கல்யாணம் புதன்கிழமை நடந்தது, மில்லுக்கு விடுமுறை நாள் என்பதால். எங்கள் ஆலயம் புதன்கிழமையில் அப்படி நிறைந்து நான் பார்த்ததில்லை. மில்லில் கூட வேலை பார்க்கும் இந்து நண்பர்கள், முஸ்லிம் நண்பர்கள் என்று வெளியிலும் கூட்டம். நான் பள்ளிக்கு விடுப்புப் போட்டுவிட்டு மனைவியோடு போனேன். பின்னால் உட்காரப் பார்த்தவனை அண்ணன் கையைப் பிடித்து முன் வரிசைக்குக் கூட்டிப் போய்ப் பக்கத்தில் உட்கார வைத்தார். ஆராதனையில் தாலி கட்டுமுன் ஐயர் தடை உண்டா என்று கடைசி முறையாகக் கேட்க வேண்டும். அவர் கேட்டார். ஆலயம் முழுக்க என்னைத்தான் பார்த்தது. ஐயரே ஓரக்கண்ணால் பார்த்தார். என் தொடையில் ஒரு கை வந்து விழுந்து அழுத்தியது.

“உக்காந்தே இருங்க சார்” என்றார் அண்ணன், உதடு அசையாமல்.

அவர் சிரிப்பை அடக்குவது தோள் வழியாக எனக்குத் தெரிந்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணிலும் நீர் வந்தது. என் வாழ்வில் பாவமன்னிப்பைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன், செய்தும் இருக்கிறேன். அது ஒரு கையின் பாரமாக என் மேல் இறங்கியது அன்றைக்குத்தான்.

சாப்பாட்டுப் பந்தியில் அவர் இன்னொன்றும் கேட்டார். புதன்கிழமை புதன்கிழமை மில் ஆட்களுக்கு ஒரு ஜெபமும் ஒரு வேத வகுப்பும் வைக்கலாமா, பத்துக் கட்டளையும் எங்களுக்கும் சொல்லித் தரலாமே என்று. என்னிடம் ஏன் கேட்கிறீர்கள், ஐயர் இருக்கிறாரே என்றேன். ஐயர் மாற்றலாகிப் போய்விடுவார், நீங்கள்தான் கிடப்பீர்கள் என்றார். கட்டளையின் பேரால் அடி வாங்கிய குடும்பம் கட்டளையை வெறுக்கவில்லை. என்னையும் தள்ளிவிடவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆச்சரியமாகத்தான் இருக்கிறது. நான் அவர்கள் இடத்தில் இருந்திருந்தால் சபையையே மாற்றியிருப்பேன்.

புதன் மாலை வகுப்பு தொண்ணூறுகளின் பாதிவரை நடந்தது. பிறகு மில்லின் விடுமுறைக் கிழமை மாறியது, வகுப்பும் கிழமை மாறிக்கொண்டது. இப்போது வேறு யாரோ நடத்துகிறார்கள். அந்த அண்ணன் இல்லை. என் மனைவியும் இல்லை. எனக்கு அந்த வகுப்புகள் கிடைத்தன என்பதற்காகத் தினமும் காலையில் கடவுளுக்கு நன்றி சொல்கிறேன்.

முதல் வகுப்பில் நான் கட்டளைகளைத் தொடங்கவே இல்லை. எகிப்தில் அந்த ஜனம் எப்படி இருந்தது என்பதை மட்டும் சொன்னேன். செங்கல், வைக்கோல், மேலே நின்று வேலை வாங்கும் ஆளோட்டி. சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்குப் போகிற ஓர் அம்மாவும் வந்திருந்தார். இடையில் நிறுத்தி, “அங்கயும் மூணு ஷிப்டா சார்?” என்று கேட்டார்.

எல்லோரும் சிரித்தார்கள். ஷிப்டே கிடையாது, விடிந்ததிலிருந்து பொழுது அடைகிற வரைக்கும் வேலைதான் என்றேன்.

“லீவு?”

“லீவும் கிடையாது. வெளியே வந்த பிறகு ஆண்டவர்தான் வாரத்துக்கு ஒரு நாள் கொடுத்தார்.”

அவர் பக்கத்தில் இருந்தவளைப் பார்த்துத் தலையை ஆட்டினார். “அவரு நல்ல மொதலாளிதான்” என்றார்.